வாங்கியது நூறு, விளையாடியது நாலு

2003, 2004 வாக்கில் தாம்பரத்தில் வீடியோ கேம் மணிக்கணக்கில் விற்ற சரக்கு. கிழக்கிலும் மேற்கிலும் தெருவுக்குத் தெரு ஒரு ப்ரவுசிங் சென்டர் இருந்தது. வெளியே பலகையில் இன்டர்நெட், ஜெராக்ஸ், லேமினேஷன் என்று எழுதியிருக்கும். உள்ளே போனால் பள்ளி விட்டு நேராக வந்த பையன்கள் யூனிஃபார்மோடு தோள் இடிக்க உட்கார்ந்து கவுன்டர் ஸ்ட்ரைக்கில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருப்பார்கள். மணிக்கு இருபது, முப்பது ரூபாய். உள்ளே வந்த நேரம் ஒரு நீள நோட்டில் ஏறிவிடும். நேரம் ஆனதும் கவுன்டரிலிருந்து குரல் வரும்: "தம்பி, ஆறாம் நம்பர், டைம் முடிஞ்சுது." "அண்ணா, இந்த ரவுண்டு மட்டும்ணா" என்று கெஞ்சினால் ஐந்து நிமிடம் கிடைக்கும். அதற்கு மேல் கிடைக்காது.

கேமுக்கென்று யாரும் காசு கொடுத்ததில்லை. வைஸ் சிட்டி, ஐஜிஐ, ரோட் ராஷ் எல்லாமே ரிச்சி தெருவிலிருந்தோ பர்மா பஜாரிலிருந்தோ திருட்டு சிடியாக வந்து, கை மாறிக் கை மாறிக் கீறல் விழுந்தவை. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்த பையனிடமே மொத்தம் நாலைந்து கேம்தான் இருக்கும். முழுப் பரீட்சை லீவு முழுக்க அதையே திருப்பித் திருப்பி விளையாடினான். புதுசு வேண்டுமென்றால் டிஜிட் பத்திரிகையோடு வரும் சிடியில் ஒரு டெமோ இருக்கும். முதல் லெவல் முடிந்ததும் அதுவும் நின்றுவிடும்.

அந்தப் பையன்களுக்கு இப்போது முப்பத்தைந்து, நாற்பது வயது. சோழிங்கநல்லூர் எல்காட்டிலோ சிறுசேரி சிப்காட்டிலோ வேலை. முடிச்சூரிலோ சேலையூரிலோ கூடுவாஞ்சேரியிலோ இஎம்ஐ கட்டும் ஃபிளாட். ஹாலில் பிஎஸ்5, இல்லாவிட்டால் மேசையில் நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர். ஸ்டீம் லைப்ரரியில் நூறு, இருநூறு கேம். அதில் பாதியை ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

அன்று கேம் இலவசம், நேரத்துக்குத்தான் காசு. இன்று கேமுக்குக் காசு, நேரமோ எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. விளையாடாத கேம் குவிகிறதே என்ற புலம்பலுக்கு மூலம் இந்தத் தலைகீழ் மாற்றம்தான். ஆனால் புலம்புகிறவர்கள் இன்னமும் எத்தனை கேம் பாக்கி என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ப்ரவுசிங் சென்டர் அண்ணன் எண்ணியது மணியை. அவர் கணக்குதான் சரி.

குவிந்த கதை

கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீமை வால்வ் நிறுவனம் தொடங்கியது 2003 செப்டம்பரில். தாம்பரத்துப் பையனுக்கு அது பல வருடம் கண்ணில் மட்டும் பட்ட கடை. விலை டாலரில் இருக்கும். வாங்குவதற்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குச் சம்மதிக்கும் கார்டு வேண்டும். வேலைக்குச் சேர்ந்து கையில் சம்பளம் வந்த பிறகும் பலர் திருட்டு டவுன்லோடையே நம்பியிருந்தார்கள். 2015 கடைசியில் ஸ்டீம் ரூபாயில் விலை போட்டது. உள்ளூர் டெபிட் கார்டும் நெட் பேங்கிங்கும் செல்லுபடியாயின. டாலர் விலையை அப்படியே பெருக்காமல், இந்தியாவுக்கென்று குறைத்து வைக்கப்பட்ட கேம்களும் நிறைய இருந்தன.

அதன் மேல் சம்மர் சேல், ஆட்டம் சேல், வின்டர் சேல். எழுபத்தைந்து சதவீதம் தள்ளுபடி, தொண்ணூறு சதவீதம் தள்ளுபடி. டெமோவை மட்டும் விளையாடிவிட்டு ஏங்கிய கேமின் முழுப் பதிப்பு, ஒரு பிரியாணி விலைக்கு வந்து நிற்கிறது. யார் வேண்டாம் என்பார்கள்? வாங்கியாகிறது. வாங்கிய அந்தக் கணத்திலேயே ஆசை முக்கால்வாசி தீர்ந்தும்விடுகிறது. ஏங்கியவன் அந்தப் பையன். அவன் பெயரில்தான் பில் போடப்படுகிறது. விளையாட வேண்டியவரோ நாற்பது வயதுக்காரர்.

காசே கொடுக்காமல் குவிவது தனிக் கதை. எபிக் நிறுவனம் 2018 டிசம்பரில் கடை திறந்ததிலிருந்து இலவசமாகக் கேம் கொடுத்து வருகிறது. நம் ஊர் நேரப்படி வியாழன் இரவு எட்டரை மணிக்கு, குளிர்காலத்தில் ஒன்பதரைக்கு, புதிது வரும். வாரம் ஒன்று என்று வைத்தாலே வருடத்துக்கு 52. 2020 மே மாதம், ஊரடங்கு நேரத்தில், ஜிடிஏ 5-ஐ இலவசமாகக் கொடுத்தபோது கூட்டம் தாங்காமல் எபிக் கடையே படுத்துவிட்டது. அன்று இராத்திரி முழுக்க ரிஃப்ரெஷ் அடித்து வாங்கியவர்களில் எத்தனையோ பேர் அதை இன்னும் இன்ஸ்டால்கூடச் செய்யவில்லை. இவை போதாதென்று கேம் பாஸ், பிஎஸ் ப்ளஸ் என்று மாதச் சந்தாக்கள் வேறு.

இது தாம்பரத்துக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 2014-ல் ஆர்ஸ் டெக்னிக்கா இதழ் ஸ்டீம் கணக்குகளை மாதிரி எடுத்து ஆராய்ந்தது. உலகெங்கும் ஸ்டீமில் பதிவான கேம்களில் சுமார் 37 சதவீதம் ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை என்று கண்டது. ஸ்டீமில் இன்றைக்கு இருக்கும் கேம்களில் சிறு பங்குதான் அப்போது இருந்தது.

தள்ளுபடியில் வாங்கியது ஏன் தூங்குகிறது என்பதற்கு இன்னும் பழைய ஆய்வு ஒன்று இருக்கிறது. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1985-ல் வெளியிட்டது. ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலரிடம் முழு விலையான 15 டாலர் வாங்கினார்கள். சிலருக்கு 2 டாலர் தள்ளுபடி, இன்னும் சிலருக்கு 7 டாலர் தள்ளுபடி. யாருக்கு எது என்பது குலுக்கல் முறைதான். சீசனின் முதல் பாதியில் யார் அதிக நாடகத்துக்கு வந்தார்கள் என்று பார்த்தால், முழு விலை கொடுத்தவர்கள். மார்கழியில் ஓசி பாஸ் கிடைத்தவர் எட்டு மணிக் கச்சேரிக்கு எட்டரைக்கு வருவதும், காசு கொடுத்தவர் ஏழரைக்கே உட்கார்ந்திருப்பதும் இந்தக் கணக்குதான். எண்பது ரூபாய்க்கு வாங்கிய கேம் நம்மை அதட்டுவதில்லை. அதனால் அது வரிசையில் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது.

வருடத்துக்கு 260 மணி

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து காலை எட்டு மணிக்குக் கிளம்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சந்தோஷபுரம் தாண்டி மேடவாக்கம் கூட்ரோட்டில் ஒரு நிற்றல். அங்கிருந்து மெட்ரோ வேலைக்காகக் குறுகிய சாலையில் பெரும்பாக்கம் வழியாக ஊர்ந்து சோழிங்கநல்லூர். மாலையில் அதே வழியில் திரும்பி வர மணி எட்டாகும். சாப்பாடு, பிள்ளைகளின் ஹோம்வொர்க், அமெரிக்காவிலிருந்து வரும் ஒரு கால். எல்லாம் முடிந்து கன்ட்ரோலரைக் கையில் எடுக்கும்போது பத்தே முக்கால்.

எடுத்த உடனே விளையாடிவிட முடியுமா? திரையில் அப்டேட் என்று வரும். முப்பது ஜிபி. அது இறங்கும்வரை போனைப் பார்க்கலாம். இறங்கி முடித்துத் திறந்தால், கடைசியாக விளையாடி மூன்று வாரம் ஆகியிருக்கும். எந்தப் பட்டனை அழுத்தினால் வாள், எதை அழுத்தினால் மருந்து என்பது மறந்துபோயிருக்கும். கதையில் இந்தத் தாடிக்காரன் நண்பனா எதிரியா என்பதும் நினைவில்லை. பழகிக்கொள்ளவே பதினைந்து நிமிடம் ஆகும். அதற்குள் பெட்ரூமிலிருந்து, "நாளைக்கு ஆபீஸ் இல்லையா உங்களுக்கு?" என்று கேட்கும். வெளியே மழையாக இருந்து கரன்ட் போனால் சேவ் செய்யாதது போனதுதான்.

இப்படி ஓடும் வாழ்க்கையில் வாரத்துக்கு ஐந்து மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். வருடத்துக்கு 260 மணி.

இந்த 260-ஐ வைத்துக்கொண்டு என்ன முடிக்கலாம்? விளையாடியவர்களே தங்கள் நேரத்தைப் பதிவு செய்யும் 'ஹவ் லாங் டு பீட்' தளத்தைத் திறந்தால் தெரியும். கிளைக் கதைகளைத் தொடாமல் முக்கியக் கதையை மட்டும் முடிக்க, விட்சர் 3-க்குச் சுமார் 50 மணி. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கும் சுமார் 50. எல்டன் ரிங்குக்கு 60. பெர்சோனா 5 ராயலுக்கு நூறு. கூட்டினால் 260. ஆக, ஒரு வருடத்துக்கு நாலு கேம்.

ஸ்டீம் வருடக் கடைசியில் வெளியிடும் கணக்கும் இதையேதான் சொல்கிறது. 2023, 2024 இரண்டு வருடமும், ஒருவர் ஓராண்டில் விளையாடிய கேம்களின் எண்ணிக்கைக்கு இடைநிலை அளவு நாலு. அதாவது ஸ்டீமில் இருப்பவர்களில் பாதிப் பேர் நாலோ அதற்குக் குறைவாகவோதான் திறந்திருக்கிறார்கள். 2024-ல் மொத்த விளையாட்டு நேரத்தில் அந்த வருடம் வந்த புதிய கேம்களுக்குப் போனது 15 சதவீதம்தான். மீதி நேரமெல்லாம் பழைய கேம்களுக்கு. புதியது வந்த அன்றே விளையாடாவிட்டால் உலகம் நம்மை விட்டுப் போய்விடும் என்ற பயத்துக்கு ஆதாரமே இல்லை.

நூறு கேம் பாக்கி, சராசரியாக ஒன்றுக்குப் பதினைந்து மணி என்று வைத்தால் 1,500 மணி. வாரம் ஐந்து மணி வீதம் கிட்டத்தட்ட ஆறு வருடம். அதுவும் இன்று முதல் ஒன்றுகூட வாங்காமல் இருந்தால். இந்த அரியரை க்ளியர் செய்வது நடக்கிற காரியமில்லை என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால், அப்புறம் பேச வேண்டியது எதை விளையாடுவது, எதை விடுவது என்பதைப் பற்றித்தான்.

மணி பார்த்துப் பிரிப்பது

ஸ்டீமில் கேம்களைத் தனித்தனித் தொகுப்பாகப் பிரித்து வைக்கும் வசதி இருக்கிறது. பெரும்பாலானோர் அதில் ஆக்‌ஷன், ரேஸிங், ஸ்ட்ராட்டஜி என்று பிரிக்கிறார்கள். மணி பார்த்துப் பிரிப்பதுதான் உருப்படியான வழி. 'ஒரே ராத்திரி', 'ஒரு மாசம்', 'லீவு போட்டால்தான்' என்று மூன்று தொகுப்பு போதும். செவ்வாய்க்கிழமை இரவு பத்தே முக்காலுக்கு எந்தப் பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது பெயரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் பெரியது ஒன்று, சின்னது ஒன்று, அவ்வளவுதான். பெரியது நடுவில் இருக்கும்போது இன்னொரு பெரியதைத் திறந்தால் இரண்டும் முடியாது.

ஹார்ட் டிஸ்க்கும் இந்த விஷயத்தில் உதவி செய்கிறது. ரெட் டெட் 2, பால்டர்ஸ் கேட் 3 இரண்டும் தலா 150 ஜிபி இடம் கேட்பவை. 512 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் போக மிச்சத்தில் இரண்டு, மூன்று கேம்தான் நிற்கும். புது டிஸ்க் வாங்காமல் இருப்பதே ஒரு கட்டுப்பாடு.

வாங்குகிற பக்கம் பார்த்தால், ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள் கேட்டால், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் காசு திரும்பக் கிடைக்கும். 2015 ஜூனிலிருந்து இருக்கும் விதி. சேலில் பத்து கேம் வாங்கிப் போட்டவருக்கு இந்த உரிமை தானாகவே காலாவதியாகிறது. வாங்கிய அன்றே ஒரு மணி நேரம் உட்கார முடியாது என்றால், அந்தக் கேமை விஷ்லிஸ்டில் விட்டுவைப்பதே லாபம். அடுத்த சேலில் அதே விலைக்கு, பல சமயம் அதைவிடக் குறைவாகவும் வரும்.

டிஸ்க்கில் விளையாடுபவர்களிடம் இந்தக் குவியல் குறைவு. காரணம், டிஸ்க் கை மாறும். முடித்ததைக் கொடுத்து, மேலே கொஞ்சம் காசு வைத்து வேறொன்றை வாங்கும் எக்ஸ்சேஞ்ச் பழக்கம் சென்னையில் பிளேஸ்டேஷன் காலத்திலிருந்து இருக்கிறது. வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனால் இதன் கடைசிக் கட்டத்தைப் பார்க்கலாம். புறாக் கூண்டு, ரோஜாப் பதியன், பழைய மிக்ஸி, கீபோர்டு எல்லாம் தாண்டி, தார்ப்பாயில் கொட்டிய வயர்களுக்கு நடுவே நாலைந்து கேம் டிஸ்க்குகள் கிடக்கும். வாங்குகிறவர் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் சாய்த்துக் கீறலைப் பார்ப்பார். "ஓடுமாண்ணா?" "ஓடும் தம்பி, ஓடலன்னா அடுத்த வெள்ளிக்கிழமை கொண்டா." ஒன்று உள்ளே வர, ஒன்று வெளியே போக வேண்டும் என்ற நிபந்தனை டிஸ்க்குக்கு இயல்பாகவே உண்டு. டிஜிட்டலில் வாங்கியதை விற்கவும் முடியாது, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுக்கவும் முடியாது. அதனால் அது ஒரே திசையில் வளர்கிறது.

ஒன்றரை மணி நேரத்தில் ஒரு குடும்பக் கதை

'ஒரே ராத்திரி' தொகுப்பில் முதலில் வைக்க வேண்டியது 'வெண்பா'. டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் உருவாக்கி 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின், இவர்கள் மூவரின் கதை. அம்மா கொடுத்த சமையல் நோட்டு கிழிந்தும் கறை படிந்தும் இருக்கிறது. அழிந்துபோன வரியை ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைக்க வேண்டும். இட்லிப் பானையில் எது முதலில், எது பிறகு என்று ஒருமுறை தவறாகச் செய்து பார்த்தபின்தான் பிடிபடும். சென்னையில் வளர்ந்து அடுப்படிப் பக்கம் போயிருக்கும் எவருக்கும் அதில் பாதி சொல்லித் தரவே வேண்டாம். பின்னணியில் ரேடியோப் பாட்டு மாதிரி மெட்டுகள் ஓடும்.

முடிக்க ஆகும் நேரம் சுமார் ஒன்றரை மணி. வந்த புதிதில் அதையே குறையாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். இந்த விலைக்கு இவ்வளவு சின்னதா என்றார்கள். 2024-ல் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருதும், சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் முதல் பரிசும் அதற்குத்தான் கிடைத்தன. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ரூபாய் என்று வகுத்துப் பார்ப்பது கல்லூரிப் பையனுக்குச் சரி, அவனிடம் மணி ஏராளம். வாரம் ஐந்து மணி மட்டும் வைத்திருப்பவருக்கு, ஒரே ராத்திரியில் முதலும் முடிவும் பார்க்கக் கிடைப்பதே பெரிய விஷயம். வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபிஞ்ச் இரண்டு மணி, எ ஷார்ட் ஹைக் ஒன்றரை மணி, ஃபயர்வாட்ச் நாலு மணி என்று இந்த வரிசையில் நல்லவை நிறைய இருக்கின்றன. விட்சர் 3 முடிக்கும் நேரத்தில் இருபதைப் பார்த்துவிடலாம்.

மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. தாம்பரத்திலிருந்து பீச் வரை சுமார் ஒரு மணி நேரம். ஸ்டீம் டெக், ஆர்ஓஜி ஆலை போன்ற கையடக்கக் கருவிகள் வந்தபிறகு அந்த நேரத்தை விளையாட்டுக் கணக்கில் சேர்க்க முடிகிறது. உட்கார இடம் கிடைத்தால். காலை எட்டரை மணி ரயிலில் ஒரு கை கம்பியில், இன்னொரு கை பையில். குரோம்பேட்டையில் ஏறும் கூட்டத்துக்கு எல்டன் ரிங் தாங்காது. எந்த இடத்தில் நிறுத்தினாலும் பாதகமில்லாத பலாட்ரோ மாதிரி சீட்டாட்டக் கேம்தான் சரிப்படும். எழும்பூர் வந்ததும் ஸ்லீப் பட்டனை அழுத்திவிட்டு இறங்கலாம்.

காத்திருந்தால் கெடுகிறவை

எப்போதாவது விளையாடிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைக்கு ஒரு ஓட்டை உண்டு. 2014-ல் வந்த 'தி க்ரூ' என்ற கார் கேமின் சர்வர்களை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் அன்றோடு சரி, தனியாக விளையாடக்கூட வழியில்லை. 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம் இதிலிருந்துதான் கிளம்பியது. அதே வருடம் அக்டோபரிலிருந்து ஸ்டீம் பில் போடும் பக்கத்திலேயே, நீங்கள் வாங்குவது கேமை அல்ல, அதைப் பயன்படுத்தும் உரிமத்தைத்தான் என்று எழுதிவிட்டது. ஆகவே வரிசைப்படுத்தும்போது இன்னொரு விதி: சர்வரை நம்பியிருக்கும் கேம் முன்னால், தனியாக ஓடும் கேம் பின்னால். விட்சர் பத்து வருடம் கழித்தும் அங்கேயே இருப்பான்.

பத்து வருடம் கழித்து அதை விளையாடப்போவது யார் என்பதிலும் இப்போது மாற்றம் வந்திருக்கிறது. 2024-ல் ஸ்டீம் 'ஃபேமிலீஸ்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. ஒரே வீட்டிலுள்ள ஆறு பேர்வரை தங்கள் லைப்ரரிகளைப் பகிர்ந்துகொள்ளலாம். அப்பா வேறொரு கேம் ஆடிக்கொண்டிருக்கும்போதே மகள் அவர் வாங்கி வைத்ததைத் திறக்கலாம். எத்தனை மணி நேரம், எந்தெந்த கேம் என்று கட்டுப்படுத்தும் அதிகாரமும் பெற்றோரிடம் இருக்கிறது. உயில் எழுதி ஸ்டீம் கணக்கை யாருக்கும் மாற்ற முடியாது என்று நிறுவனம் சொல்லிவிட்ட நிலையில், உயிரோடு இருக்கும்போதே பங்கு கொடுக்க இது ஒரு வழி.

விடுமுறை நிறைய இருக்கும் ஒரு ஆள் இப்போது வீட்டிலேயே இருக்கிறாள். மே மாதம் முழுக்க அவளுக்கு லீவு. அப்பாவின் வார ஐந்து மணியோடு ஒப்பிட்டால் கோடீஸ்வரி. பத்து வருட சம்மர் சேலில் தேடித் தேடிச் சேர்த்த நூறு கேமும் அவள் முன்னால் திறந்து கிடக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அவள் அதை ஒருமுறை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல ரோப்ளாக்ஸ் இல்லையே?" என்று கேட்பாள்.